ஏழைபங்காளர் ஜார்ஜ் லான்ஸ்பரி

தோற்றுவாய்

வறுமையின் கொடுமையைப் பாடாத புலவர் தமிழ்நாட்டில் அரியர். திருவள்ளுவனார் நல்குரவுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். சங்கச் சான்றோருட் சிலர் தம் மனையின் வெற்றடுப்பைப் புரவலர் முன்னிலையில் எடுத்துரைக்கவும் நாணினாரல்லர். ஆயினும், வறுமையைப் பாடுதல் ஒன்று. வறியவரைக் காக்கும் சுமையை யார் தோளில் ஏற்றுவது முறை என்று கணக்கெடுத்து ஆராய்தல் மற்றொன்று. இரண்டாவதனைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டு, அதன்பொருட்டுச் சிறையும் புக்க ஒருவரது வரலாற்றை ஈண்டுச் சுருக்கி வரையப் புகுகின்றோம். அவர் இங்கிலாந்து தேசத்துத் தொழிற்கட்சித் தலைவருள் ஒருவராய் விளங்கிய ஜார்ஜ் லான்ஸ்பரி என்பார்.

சிக்கனம் என்பது நல்ல சொல். எம்மிற் பலர் கல்லூரி வாயிலைக் கண்டதே பெற்றோரது சிக்கனத்தாலன்றோ? வீட்டில் அரிசி குறைந்த நாளில் தாய் தன் கலத்துச் சோற்றை முதலிற் குறைத்துக்கொள்கின்றாள்; குழந்தையின் பால் கடைசியிலேதான் குறைகின்றது. வீட்டுச் சிக்கனத்தின் இலக்கணம் இதுவே. ஓர் அரசாங்கத்தின் பொக்கிஷத்திற் பணங் குறையுங்கால் அவ்விலக்கணம் பிழையாது நிற்கின்றதா, அன்றித் தலைகீழாகின்றதா என்னும் வினாவே லான்ஸ்பரியாரின் வாழ்க்கை முழுவதையும் ஊடுருவிச் செல்லும் இழையாகும்.

இளமையும் அனுபவமும்

லான்ஸ்பரியார் 1859-ம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், இங்கிலாந்தின் கீழ்ப்பகுதியிலுள்ள ஸஃபோக் பிரதேசத்தில், ஹேல்ஸ்வொர்த் என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவர் தந்தையார் ரயில் பாதை அமைக்கும் கண்டிராக்டர்களிடம் வேலை பார்த்தவர். பாதை நீளும் திசையெல்லாம் குடும்பமும் உடன் பெயர வேண்டியதாயிற்று. இவ்வாறு பல ஊர் கண்ட குடும்பம், சிறுவர்க்கு ஒன்பது வயதளவில் லண்டன் மாநகரின் கீழ்ப்பகுதியை அடைந்து ஆங்கு நிலைத்தது.

லண்டன் என்பது பெயரளவில் ஒரு நகரம். வாழ்க்கையில் இரு நகரம். மேற்பகுதியில் அரண்மனையும், பார்லிமெண்டு மண்டபமும், செல்வர் மாளிகைகளும், பெருங் கடைவீதிகளும் பொலிந்தன. கீழ்ப்பகுதியிற் கப்பற்றுறைகளும், ஆலைகளும், வெளிச்சம் புகாச் சந்துகளும் நெருங்கின. அப்பகுதியைச் சேர்ந்த பாப்லர் என்னும் வட்டாரத்தில், நம் நாட்டுப் பொருள்கள் சென்றிறங்கிய கிழக்கிந்தியத் துறை இருந்தது. துறைத் தொழிலாளர்க்கு நிலையான வேலை இல்லை. விடியலில் துறைவாயிலிற் கூட்டமாய் நிற்பர். மேஸ்திரி வந்து விரல் சுட்டுவான். அவ்விரல் யாரைச் சுட்டிற்றோ அவர் வீட்டில் அன்று அடுப்பெரியும். மற்றையோர் வெறுங்கையராய் மீள்வர். இக்காட்சியைக் கண்டு வளர்ந்தார் லான்ஸ்பரியார்.

பதினான்கு வயதளவிற் பள்ளிப் படிப்பு முடிவுற்றது. பின்னர் நிலக்கரி இறக்கும் தொழில் முதலிய பலவற்றில் உடலை வருத்தி உழைத்தார். 1880-ல் எலிசபெத் பிரைன் என்னும் நங்கையை மணந்தார். அவ்வம்மையாரின் பொறுமையே லான்ஸ்பரியாரின் பொது வாழ்வுக்கு அடிப்படையாய் நின்றது என்பது மிகையாகாது. அவர்களுக்குப் பிறந்த குழந்தைகள் பன்னிருவர்.

1884-ல் ஒரு பெருஞ் சோதனை நேர்ந்தது. ஆஸ்திரேலியாவிற் குடியேறுவோர்க்கு வேலையும் வளமும் காத்திருக்கின்றன என்று பரப்பப்பட்ட விளம்பரங்களை நம்பி, மனைவியோடும் சிறு குழந்தைகளோடும் கப்பலேறிக் குயின்ஸ்லாந்தை அடைந்தார். ஆங்குக் கண்டது வேறு. வேலையின்றித் திரிவோர் முன்னமே பலர் இருந்தனர். கல்லுடைத்தார், இறைச்சிக் கொட்டிலில் ஊழியம் செய்தார், பண்ணையில் உழன்றார், எங்கும் நிலைபெற்றிலர். மறு ஆண்டில் மாமனாரின் உதவியால் லண்டனுக்கு மீண்டு, அவரது மரம் அறுக்கும் ஆலையில் வேலைக்கமர்ந்தார். தாம் பட்ட துன்பத்தைத் தம்மோடு முடித்துக்கொள்ள அவர் மனம் ஒருப்படவில்லை. பகல் முழுதும் ஆலையில் உழைத்து, மாலைதோறும் கூட்டங்கூட்டி, பொய் விளம்பரத்தால் ஏழையர் ஏமாற்றப்படுதலை எடுத்துரைத்தார். 1886-ல், குடியேற விழைவோர்க்கு உண்மைச் செய்தி வழங்கும் அலுவலகம் ஒன்றை அரசாங்கம் நிறுவிற்று. லான்ஸ்பரியாரது பொதுப்பணியின் முதற்பயன் இதுவெனலாம்.

ஏழையர் விடுதியில்

தொடக்கத்தில் அவர் லிபரல் கட்சியைச் சார்ந்து தேர்தல் வேலை செய்தார். நாளொன்றுக்கு எட்டு மணி நேரமே வேலை என்னும் சட்டம் வேண்டுமென அக்கட்சியின் மாநாட்டில் வற்புறுத்த முயன்றபோது, தலைவர்கள் செவி சாய்த்திலர். ஆதலின் 1892-ல் அக்கட்சியை விடுத்துப் பொதுவுடைமைக் கொள்கையினரோடு சேர்ந்தார். இடையே சில ஆண்டுகள் அவரது சமய நம்பிக்கையும் தளர்ந்தது. பின்னர் மீண்டும் கிறிஸ்து மார்க்கத்திற் கால் ஊன்றினார். அதன்பின் இறுதிவரை அவருக்குப் பொருளாதாரமும் வேதமும் இரண்டாகத் தோன்றவில்லை.

1893-ல் பாப்லர் வட்டாரத்து ஏழையர் காப்பாளர் சபைக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அக்காலத்து ஏழையர் சட்டம் எத்தகையது என்பதை ஈண்டு ஒரு சிறிது விளக்குதல் வேண்டும். 1834-ல் இயற்றப்பட்ட அச்சட்டத்தின் உட்கருத்து, உதவி பெறுவோனது நிலை, வெளியில் உழைக்கும் கடைப்பட்ட கூலியின் நிலையினும் தாழ்ந்ததாய் இருத்தல் வேண்டும் என்பதாம். உதவி இனிதாயிருப்பின் மக்கள் சோம்பர் ஆவர் என்று சட்டம் செய்தோர் அஞ்சினர். ஆகவே ஏழையர் விடுதியிற் கணவனும் மனைவியும் பிரித்து வைக்கப்பட்டனர்; குழந்தைகள் வேறிடத்திற் கிடந்தனர்; அனைவரும் விடுதிச் சீருடை அணிந்தனர். வறுமை ஒரு குற்றமாகவும், விடுதி அதற்குரிய தண்டமாகவும் ஆயின.

லான்ஸ்பரியார் முதன்முறை விடுதியைப் பார்வையிடச் சென்றபோது, முதியோர்க்கு வார்த்த கஞ்சியில் எலிப்புழுக்கை கலந்திருத்தலைக் கண்டார். அறிக்கையெழுதிவிட்டு அவர் வாளாவிருந்திலர். உடனே அதிகாரிகளை வரவழைத்து அக்கஞ்சியைக் காட்டி வழக்காடினார். வில் குருக்ஸ் என்னும் தொழிலாளர் தலைவரோடு சேர்ந்து, உணவைத் திருத்தினார், உடையை மாற்றினார், குழந்தைகளின் படிப்பைச் சீர்செய்தார், வேலையற்றார்க்கு வேளாண்மை கற்பிக்கும் பண்ணையும் காணச் செய்தார். வரிப்பணம் வீணாகின்றதென்று பழித்தாரும் உளர். அவர்க்கெல்லாம், முதுமையும் நோயும் வேலையின்மையும் மனிதன் விரும்பி ஏற்பன அல்ல என்பதே லான்ஸ்பரியாரின் விடை.

1905-ல் ஏழையர் சட்டத்தை ஆராய்தற்கு அரசர் பெயரால் ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. லான்ஸ்பரியாரும் அதில் அமர்ந்தார். 1909-ல் குழு இரண்டு அறிக்கைகளை வெளியிட்டது. பெரும்பான்மையோர் பழைய முறையைச் செப்பனிட்டு வைத்துக்கொள்ள விழைந்தனர். பியாட்ரிஸ் வெப் அம்மையாரும், லான்ஸ்பரியாரும், வேறிருவரும் கையொப்பமிட்ட சிறுபான்மை அறிக்கையோ, அம்முறையையே கலைத்துவிட வேண்டுமென்றது. நோயாளரைச் சுகாதாரத் துறையும், சிறுவரைக் கல்வித் துறையும், வேலையற்றாரை நாடு முழுவதற்கும் பொதுவான ஓர் அரசாங்கத் துறையும் ஏற்றல் வேண்டும் என்று அது கூறிற்று. அன்று அதனை ஏற்பார் இலர். எனினும், 1948-ல் ஏழையர் சட்டம் அடியோடு நீக்கப்பட்ட காலத்து, அவ்வறிக்கையின் கருத்துக்களே பெரிதும் நிலைபெற்றன. விதை மண்ணுள் நெடுநாள் கிடந்தும் அழிந்திலது.

1910-ம் ஆண்டு டிசம்பரில் லான்ஸ்பரியார் பார்லிமெண்டு அங்கத்தினர் ஆனார். பெண்மக்கட்கு வாக்குரிமை வேண்டும் என்பதில் அவர்க்கிருந்த ஆர்வம் பெரிது. அக்கொள்கையைத் தொகுதி மக்களிடமே கேட்டுத் தெளிவதற்காக 1912-ல் தாமே பதவியைத் துறந்து மறுபடியும் தேர்தலில் நின்று தோற்றார். மறு ஆண்டில் அதுபற்றிப் பேசிய பேச்சுக்காகச் சிறையும் கண்டார். தொழிலாளர் தினத்தாளாகிய டெய்லி ஹெரால்டு என்னும் பத்திரிகைக்குப் பல ஆண்டுகள் ஆசிரியராகவும் விளங்கினார்.

பாப்லரின் கணக்கு

இனி, லான்ஸ்பரியாரின் பெயரை நாடெங்கும் பரப்பிய நிகழ்ச்சிக்கு வருவோம். முதல் உலக யுத்தம் முடிந்தபின், 1919-ல் நடந்த நகரசபைத் தேர்தலிற் பாப்லர் வட்டாரத்தின் 42 ஸ்தானங்களுள் 39 தொழிற்கட்சிக்குக் கிடைத்தன. துறைத் தொழிலாளரும், ரயில்வே ஊழியரும், குடும்பப் பெண்டிரும் நகரசபை ஆசனங்களில் அமர்ந்தனர். லான்ஸ்பரியார் அவ்வட்டாரத்தின் மேயர் ஆனார். சபை வீடுகள் கட்டிற்று. தாய்மார்க்கும் மகவுகட்கும் பால் வழங்கிற்று. தன் ஊழியருள் வயது வந்த ஒவ்வொருவர்க்கும், ஆணாயினும் பெண்ணாயினும், வாரத்திற்கு நான்கு பவுனுக்குக் குறையாத கூலி வகுத்தது. பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே கூலி என்பது அந்நாளிற் பலரும் கேட்டறியாத புதுமை.

1920-ம் ஆண்டு கழியுமுன் வியாபாரம் வீழ்ந்தது. கப்பல்கள் குறைந்தன, துறைவாயிலில் நிற்போர் தொகை பெருகிற்று. 1921-ன் நடுவில் நாட்டில் வேலையற்றோர் தொகை இருபது லட்சத்தைக் கடந்தது. அவர்க்கு உதவுவது யார்? சட்டப்படி ஒவ்வொரு வட்டாரமும் தன் ஏழையரைத் தானே காத்தல் வேண்டும். அதற்குரிய பணம் வீட்டுவரியிலிருந்தே வருதல் வேண்டும்.

இங்கேதான் கணக்கு இடறிற்று. வீட்டுவரி, கட்டடங்களின் வாடகை மதிப்பில் பவுனுக்கு இத்தனை பென்னி என்று விதிக்கப்படுவது. மாளிகை நிறைந்த வெஸ்ட்மின்ஸ்டரில் பவுனுக்கு ஒரு பென்னி விதித்தாற் கிடைக்கும் தொகை, குடிசை நிறைந்த பாப்லரில் அதே ஒரு பென்னி விதித்தாற் கிடைப்பதினும் ஏறக்குறைய எட்டு ஒன்பது மடங்கு. ஆனால் உதவி வேண்டி நின்ற ஏழையரோ வெஸ்ட்மின்ஸ்டரிற் சிலர், பாப்லரிற் பல்லாயிரவர். ஆகவே ஏழையர் மிக்க வட்டாரமே மிகுந்த வரி கொடுக்க வேண்டும். செல்வர் மிக்க வட்டாரம் குறைந்த வரியோடு அமைதியாய் இருக்கலாம். ஏழையைக் காக்கும் பொறுப்பு அவனுக்கு அடுத்த வீட்டு ஏழையின் தலையில் விழுந்தது. துறைகளிற் குவிந்த செல்வம் மேற்பகுதிக்குப் போயிற்று. அத்துறைகளில் வேலையிழந்தோரின் பசி மட்டும் கீழ்ப்பகுதியில் நின்றது.

இக்கணக்கைத் தீர்க்கப் பாப்லர் சபைக்கு மூன்று வழிகள் இருந்தன. வரியை மேலும் உயர்த்தலாம். ஆனால் வரி செலுத்துவோரும் வறியரே. ஏழையர்க்குத் தரும் உதவியைக் குறைக்கலாம். அது பசித்தோர் கலத்தைப் பறிப்பதாகும். மூன்றாவது வழி ஒன்றுண்டு. லண்டன் முழுவதற்கும் பொதுவான ஜில்லா சபை, போலீஸ், தண்ணீர் வாரியம், ஆஸ்பத்திரி வாரியம் ஆகியவற்றுக்கென ஒவ்வொரு வட்டாரமும் வரி தண்டிச் செலுத்த வேண்டியிருந்தது. 1921-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் பாப்லர் சபை, அப்பொதுவரியைத் தண்டுவதில்லை என்று தீர்மானித்தது. லண்டன் ஏழையரை லண்டன் முழுவதும் காக்கட்டும். அதுவரை யாம் கொடோம் என்பதே அத்தீர்மானத்தின் பொருள்.

சிறைபுகுதல்

வழக்கு உயர் நீதிமன்றத்திற்கு வந்தது. 1921 ஜூலை 29-ம் நாள், மேயர் ஸாம் மார்ச் என்பார் பதவிச் சங்கிலி அணிந்து முன்செல்ல, செங்கோல் ஏந்துவோன் உடன் செல்ல, வாத்தியங்கள் முழங்க, நகரசபையார் மக்கள் கூட்டம் புடைசூழ ஏறக்குறைய ஐந்து மைல் நடந்தே நீதிமன்றம் புகுந்தனர். வரியைச் செலுத்துக என்று நீதிமன்றம் ஆணையிட்டது. அவர்கள் இணங்கவில்லை. செப்டம்பர் முதல் நாள் தொடங்கி முப்பது பேர் ஒருவர்பின் ஒருவராகக் கைதாயினர். ஆடவர் பிரிக்ஸ்டன் சிறைக்கும், பெண்டிர் ஹாலோவே சிறைக்கும் அனுப்பப்பட்டனர். பெண் அங்கத்தினருள் நெல்லி கிரெஸால் என்பார் கருவுற்றிருந்தார். லான்ஸ்பரியாருக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. அவருடைய மகன் எட்கரும், மருமகள் மின்னியும் அம்முப்பதின்மருள் அடங்குவர்.

சிறைக்குள்ளும் நகரசபை வேலை நின்றிலது. அங்கேயே சபைக்கூட்டம் நடத்த அனுமதி பெற்றனர். பெண் அங்கத்தினர் ஹாலோவேயிலிருந்து மோட்டார் வண்டியில் அழைத்து வரப்பட்டனர். மதிலுக்கு வெளியே மக்கள் திரண்டபோது லான்ஸ்பரியார் ஜன்னற் கம்பிகளினூடே அவர்க்கு உரையாற்றினார். அயல் வட்டாரங்களாகிய பெத்னல் கிரீன், ஸ்டெப்னி ஆகியவற்றின் சபைகளும் பாப்லர் வழியே நடப்பதாகத் தீர்மானித்தன. அரசாங்கம் கலங்கிற்று. ஆறு வாரங்கழித்து, அக்டோபர் 12-ம் நாள், சிறையில் எஞ்சியிருந்தோர் வெளிவந்தனர். விரைவிலேயே பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்றி, ஏழையர் உதவிச் செலவின் பெரும்பகுதியை லண்டன் வட்டாரங்கள் அனைத்தும் பங்கிட்டு ஏற்குமாறு செய்தது. வெஸ்ட்மின்ஸ்டரின் செல்வம் பாப்லரின் பசிக்கு ஒரு பிடியேனும் தரக் கடமைப்பட்டது.

வெற்றிக்கு விலை கொடாமல் முடியவில்லை. பள்ளியாசிரியையாய் இருந்தவரும், எல்லாரும் அன்பு பாராட்டிய மருமகளுமாகிய மின்னி லான்ஸ்பரி, சிறையினின்று மீண்ட மூன்று மாதத்திற்குள், 1922 ஜனவரி முதல் நாள், நுரையீரற் காய்ச்சலால் உயிர் நீத்தார். அவர்க்கு வயது முப்பத்திரண்டே.

ஈண்டு எம் மனத்தெழுந்த ஓர் ஐயத்தை மறையாது கூறுதல் கடமையாகும். இவ்வரலாற்றை முதலிற் படித்தபோது யாம் நீதிமன்றத்தின் பக்கமே நின்றோம். சட்டத்தைக் காக்கவேண்டிய சபையே சட்டத்தை மீறின், நாளை எவரும் தமக்குப் பிடியாத வரியைக் கொடார் அல்லரோ? அதிகாரங்கட்கு அடங்குமாறு பவுல் அப்போஸ்தலர் ரோமர்க்கு எழுதிய நிருபமும் நினைவுக்கு வந்தது. லான்ஸ்பரியாரின் கட்சியினரே அனைவரும் அவரை ஆதரித்திலர். ஹாக்னி வட்டாரத்துத் தொழிற்கட்சித் தலைவராகிய ஹெர்பர்ட் மாரிஸன், இம்முறை கட்சியின் நற்பெயரைக் கெடுக்கும் என்று எதிர்த்தார். அவர் கூற்றிலும் பொருளுண்டு.

ஆயினும் மேலும் சிந்தித்தபோது ஒன்று புலனாயிற்று. வரிகொடாது ஒளிப்பவன் பணத்தைத் தன் பெட்டியில் வைக்கின்றான். தண்டனைக்கு அஞ்சி ஓடுகின்றான். பாப்லரார் ஒரு பென்னியும் தமக்கென வைத்துக்கொண்டிலர். செய்வதைப் பறைசாற்றிச் செய்தனர். தம் காலால் நடந்தே நீதிமன்றம் புகுந்து, விதித்த தண்டத்தை முணுமுணுக்காது ஏற்றனர். சட்டத்தின் அதிகாரத்தை அவர்கள் மறுத்திலர். அதன் அநீதியைத் தம் உடலின்மேல் எழுதிக் காட்டினர். சில வாரங்களில் சட்டம் இயற்றுவோரே அதனைத் திருத்தினர் எனின், குற்றம் எப்பக்கத்தது என்பதைப் படிப்போரே துணிக.

இவ்வெற்றி முழுமையுற்றதெனக் கூறுதற்கில்லை. விலைவாசி இறங்கிய பின்னும் நான்கு பவுன் கூலியைக் குறைக்காத சபையார்மீது அரசாங்கத் தணிக்கையாளர் மிகைச்செலவைச் சுமத்தினார். வழக்கு மேன்மேற் சென்று, 1925-ல் பிரபுக்கள் சபை தணிக்கையாளர் பக்கம் தீர்ப்பளித்தது. சந்தையிற் கூலி வீழ்ந்தால் நகரசபையும் உடன் வீழ்த்த வேண்டும் என்பதும், ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலி கொடுத்தல் நேரிய செலவாகாது என்பதும் அத்தீர்ப்பின் போக்கு. காலம் அத்தீர்ப்பை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது.

1925-ம் ஆண்டின் மற்றொரு நிகழ்ச்சி நம் நாட்டவர் மறத்தற்கரியது. அன்னி பெஸன்ட் அம்மையார் முதலியோர் முயன்று உருவாக்கிய இந்தியக் காமன்வெல்த் மசோதாவை, 1922-ல் மீண்டும் பார்லிமெண்டு புகுந்திருந்த லான்ஸ்பரியாரே அவ்வாண்டு டிசம்பரிற் காமன்ஸ் சபையிற் கொணர்ந்தார். அது நிறைவேறவில்லை. எனினும், பாப்லரின் உரிமையை நாடியவர் பாரதத்தின் உரிமையையும் நாடினார் என்பது அதனால் விளங்கும்.

1931-ம் ஆண்டின் சிக்கனம்

1929-ல் ராம்ஸே மாக்டொனால்டு தலைமையில் தொழிற்கட்சி அரசாங்கம் அமைந்தது. லான்ஸ்பரியார் பொதுக் கட்டடங்கட்கும் அரசாங்கப் பூங்காக்கட்கும் பொறுப்புடைய மந்திரியானார். சிறிய பதவியே. ஆயினும் லண்டன் ஹைட் பூங்காவின் ஏரியில், 1930-ல், ஆடவரும் பெண்டிரும் குழந்தைகளும் நீராடுதற்கு ஓரிடம் அமைத்தார். கடற்கரை செல்லக் காசில்லாத ஏழைச் சிறுவர்க்கு அதுவே கடற்கரையாயிற்று. பொதுப்பணம் பொதுமக்களின் மகிழ்ச்சிக்கும் உரியது என்று அவர் கருதினார்.

அதற்குள் உலகெங்கும் பொருள் நெருக்கடி சூழ்ந்தது. இங்கிலாந்தில் வேலையற்றோர் தொகை இருபத்தைந்து லட்சத்துக்கு மேற்பட்டது. வரவு குறைந்து செலவு பெருகிற்று. ஸர் ஜார்ஜ் மே என்பார் தலைமையில் அமைந்த குழு, 1931 ஜூலை இறுதியில், பன்னிரண்டு கோடிப் பவுன் துண்டு விழுமென்றும், ஒன்பது கோடியே அறுபது லட்சம் பவுன் செலவைக் குறைக்க வேண்டுமென்றும் அறிக்கை வெளியிட்டது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வேலையற்றோர் உதவியிலிருந்தே குறைக்கப்பட வேண்டும் என்பது குழுவின் கருத்து.

பவுன் நாணயத்தின் மதிப்பு வீழ்ந்துவிடும் என்ற அச்சமும் பரவிற்று. அயல்நாட்டுப் பாங்கிகள் கடன் கொடுக்க வேண்டுமெனின் அரசாங்கம் சிக்கனத்தைச் செய்து காட்டவேண்டும் என்றாயிற்று. மாக்டொனால்டும் நிதிமந்திரி ஸ்னோடனும் கல்நெஞ்சர் அல்லர். இருவரும் ஏழைக் குடும்பத்திற் பிறந்தவரே. நாணயம் குலைந்தால் ஏழையே முதலில் மாள்வான் என்று அவர்கள் மெய்யாகவே அஞ்சினர். ஆகஸ்ட் 23-ம் நாள் மந்திரிசபை கூடிற்று. வேலையற்றோர் உதவியிற் பத்தில் ஒரு பங்கைக் குறைப்பதா என்பது வினா. பதினொருவர் இசைந்தனர், ஒன்பதின்மர் மறுத்தனர். மறுத்த ஒன்பதின்மருள் லான்ஸ்பரியார் ஒருவர். சிறைபுக்கும் குறைக்க மறுத்த ஒன்றை மந்திரி நாற்காலியில் இருந்துகொண்டு குறைக்க அவர்க்கு எங்ஙனம் இயலும்? அரசாங்கம் கலைந்தது. மறுநாள் மாக்டொனால்டு பிற கட்சியினரோடு கூடித் தேசிய அரசாங்கம் அமைத்தார்.

புதிய அரசாங்கம் குறைப்பை நிறைவேற்றிற்று. வேலையற்ற ஆடவன் ஒருவன் வாரத்திற்குப் பெற்றுவந்த பதினேழு ஷில்லிங், பதினைந்து ஷில்லிங் மூன்று பென்னியாயிற்று. ஆசிரியர் சம்பளமும், போலீஸார் சம்பளமும் குறைந்தன. கடற்படையிற் பழைய விகிதப்படி நாளொன்றுக்கு நான்கு ஷில்லிங் பெற்ற மாலுமிக்கு ஒரு ஷில்லிங் குறைக்கப்பட்டது. நான்கில் ஒரு பங்கு போயிற்று. மேலதிகாரிகட்கோ அத்துணைப் பங்கு போகவில்லை. இந்த வேற்றுமையைப் பொறாத மாலுமிகள் செப்டம்பர் நடுவில் இன்வர்கார்டன் துறையிற் கப்பல்களை நகர்த்த மறுத்தனர். அதன்பின்னரே அவர்க்குரிய குறைப்பும் பத்தில் ஒரு பங்காகத் தணிக்கப்பட்டது.

யாம் தொடக்கத்திற் கூறிய வீட்டிலக்கணத்தை இங்கே ஒப்புநோக்குக. வீட்டில் வலியவர் கலம் முதலிற் குறையும். நாட்டில் எளியவர் கலம் முதலிற் குறைந்தது. இத்தனையும் எதற்காக? பவுன் நாணயத்தைப் பொன்னோடு பிணித்த முறையைக் காப்பதற்காக. அம்முறையோ செப்டம்பர் 21-ம் நாள் கைவிடப்பட்டது. வானம் இடிந்து வீழ்ந்திலது. காப்பதாகச் சொன்ன பொருள் போன பின்னும், அதன்பொருட்டுக் குறைத்த பதினேழு ஷில்லிங் திரும்பவில்லை. 1934-ம் ஆண்டிலேதான் அக்குறைப்பு நீங்கிற்று.

இறுதி நாட்கள்

அக்டோபரில் நடந்த தேர்தலிற் தொழிற்கட்சி பெருந்தோல்வி எய்தி, ஐம்பதுக்குச் சிறிது மிக்க ஸ்தானங்களே பெற்றது. அக்கட்சியில் நிலைத்துநின்ற முன்னாள் மந்திரிசபையினருள் தம் தொகுதியை இழவாதவர் லான்ஸ்பரியார் ஒருவரே. பாப்லர் மக்கள் தம்மைக் காத்தவரைக் கைவிட்டிலர். எழுபது கடந்த அம்முதியவர் சிறு குழுவாய் நின்ற கட்சியை நடத்தி, பின்னர் அதன் தலைவரும் ஆனார். போரை எவ்வகையாலும் ஒவ்வாத கிறிஸ்தவ சமாதானக் கொள்கையினராதலின், 1935-ல் கட்சியின் கருத்தோடு மாறுபட்டுத் தலைமையைத் துறந்தார்.

பெரியோர் குறையையும் கூறுதல் வரலாற்றின் கடன். 1937-ல் அவர் ஹிட்லரையும் முஸோலினியையும் நேரிற் கண்டு சமாதானம் வேண்டினார். அவர்கள் சொல்லை நம்பவும் செய்தார். அந்நம்பிக்கை பிழையென்பதை உலகம் விரைவில் இரத்தத்தால் அறிந்தது. ஏழையின் முகத்திற் பொய்யின்மையைக் கண்டு பழகிய கண், கொடுங்கோலனின் முகத்திற் பொய்யைக் காணத் தவறிற்று.

1940 மே 7-ம் நாள், தம் எண்பத்தோராம் வயதில், லான்ஸ்பரியார் காலஞ்சென்றார். அவர் விருப்பப்படி அவரது சாம்பல் கடலிற் கலக்கப்பட்டது. எந்நேரமும் ஏழையர்க்குத் திறந்திருந்த பௌ வீதி இல்லமும் யுத்தகாலத்துக் குண்டுவீச்சில் அழிந்தது. 1951-ல் பாப்லரிற் புதிதாய் எழுந்த குடியிருப்பு ஒன்றுக்கு அவர் பெயர் இடப்பட்டது.

முடிவுரை

பாப்லர் வட்டாரத்தைச் சேர்ந்த மேற்கிந்தியத் துறையில் 1980-ம் ஆண்டோடு கப்பல்கள் நின்றன. இன்று அவ்விடத்தே கானரி வார்ஃப் என்னும் பெயரோடு பாங்கிகளின் கண்ணாடிக் கோபுரங்கள் வானளாவி நிற்கின்றன. அவற்றிற்கு அணித்தே லான்ஸ்பரி குடியிருப்பும் நிற்கின்றது. முன்னாளில் மேற்கும் கிழக்குமாய்ப் பிரிந்துநின்ற இரு நகரங்களும் இன்று ஒன்றன் நிழலில் மற்றொன்று நிற்கக் காண்கின்றோம். வரைபடம் மாறிற்று, வினா மாறவில்லை.

நண்பர்காள்! நம்மிற் சிலர் நாளை ஆசிரியராவர். சிலர் அலுவலகங்களிற் கணக்கெழுதுவர். சிலர் நகரசபையிலும் சட்டசபையிலும் அமர்தலும் கூடும். சிக்கனம் வேண்டும் என்ற ஆணை என்றேனும் ஒருநாள் நம் மேசைக்கு வரும். அந்நாளிற் காகிதத்தின் அடியிலுள்ள மொத்தத் தொகையை மாத்திரம் பாராது, மேலே முதல் வரியிற் குறைக்கப்படுவது யார் உணவு என்று பார்ப்போமாக. அது குழந்தையின் பாலாயின், எழுதுகோலைச் சற்றே கீழே வைப்போமாக. அத்துணையே இவ்வரலாறு எமக்குக் கற்பித்தது. அதனையே எம் தோழர்க்கும் உரைத்து அமைகின்றோம்.